பொருள்: கணினியில் வைரஸ் புகுந்தமை – தொடர்பாக

தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர்களை உங்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். ஒருமுறையாவது அவர்களிடம் ஒரு மனுவைக் கொடுத்து, அதே மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்திருப்பீர்கள். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டவில்லை. சர்வே எண் இருக்கிறது, உட்பிரிவு எண் இல்லை. ரேஷன் கார்டில் ‘சுப்ரமணியன்’, பள்ளிச் சான்றிதழில் ‘சுப்பிரமணியன்’. இருவரும் ஒருவரே என்பதற்கு என்ன ஆதாரம்? முப்பது வருஷத்துக்கும் மேலாகக் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கிய ஒரு மனிதர் ஓய்வுக்குப் பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், அவரை ஏமாற்ற எந்தக் கொம்பனாலும் முடியாது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

உட்கார்ந்து பார்க்கட்டும். திரையில் எது வந்து எதைக் கேட்டாலும் ‘யெஸ்’ சொல்லிவிடுவார்.

எனக்குத் தெரிந்த ஹெட் கிளார்க் சார் பட்டுக்கோட்டைக்காரர். வேலை நிமித்தம் நான் அந்த ஊரில் இருந்த காலத்தில் பக்கத்து வீடு. சாயங்காலமானால் இருவரும் நூலகத்துக்குப் போவோம். அவர் தலையங்கம் படிப்பார், நான் விளையாட்டுப் பக்கம் படிப்பேன், திரும்பும் வழியில் டீக்கடையில் நின்று இரண்டையும் பற்றிச் சண்டை போட்டுக்கொள்வோம். என் அப்பா வயது அவருக்கு, ஆனாலும் சிநேகிதம்தான். இப்போது நான் பெங்களூரில் இருக்கிறேன். சிநேகிதம் தொலைபேசியில் ஓடுகிறது. சிநேகிதம் என்பது என் கணக்கு. அவர் வீட்டம்மா என்னைக் ‘கம்ப்யூட்டர் தம்பி’ என்றுதான் குறிப்பிடுகிறார்.

அவருடைய கம்ப்யூட்டர், மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுச்சென்ற டெஸ்க்டாப். மானிட்டருக்குப் பூ வேலைப்பாடு செய்த உறை. சி.பி.யு.வுக்கும் ஒரு உறை, அது ஓடும்போதும் எடுக்கப்படாது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு பவர் பொத்தானின் மேல் காய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அதை அழுத்தினால் பொட்டு உதிரும் என்பதால் சுவரில் இருக்கும் சுவிட்சைத்தான் போடுவதும் அணைப்பதும்.

இந்த ரகத்தினர் எவரும் ‘கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு’ என்று போன் செய்ய மாட்டார்கள். அறிக்கை தருவார்கள்.

“தம்பி, ஒரு விஷயத்தை உங்க கவனத்துக்குக் கொண்டுவரணும். கடந்த வியாழக்கிழமை காலை பத்தே கால் மணி அளவுல நான் காப்பி சாப்பிட்டுட்டு மேற்படி கம்ப்யூட்டரை இயக்கினேன்…”

இடையில் புகுந்து “இப்ப திரையில என்ன இருக்கு சார்?” என்று கேட்டால் பயனில்லை. வியாழக்கிழமை முடிந்துதான் வெள்ளிக்கிழமை வரும். ஏழெட்டு நிமிஷம் கழித்து விஷயம் வந்து சேர்ந்தது. திரை முழுக்கச் சிவப்பு. உங்கள் கணினி பூட்டப்பட்டது என்று ஓர் அறிவிப்பு. கேடயம் படம். சங்கு ஊதுகிற சத்தம். ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் எச்சரிக்கிறது. கீழே ஒரு தொலைபேசி எண், உடனே கூப்பிடும்படி.

“கூப்பிட்டீங்களா சார்?”

“இல்ல தம்பி. அந்தம்மா பேசி முடிக்கட்டும்னு காத்துக்கிட்டு இருக்கேன். முடிக்கவே மாட்டேங்கறாங்க.”

அவருடைய மரியாதை அன்று அவர் பென்ஷனைக் காப்பாற்றியது. திரையில் போன் நம்பர் போட்டுக் கூப்பிடச் சொல்லும் எச்சரிக்கை எதுவாக இருந்தாலும் அது போலி. தங்கள் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருநாளும் இருக்காது என்று மைக்ரோசாஃப்டே பலமுறை சொல்லியிருக்கிறது. அந்த நம்பரைக் கூப்பிட்டிருந்தால் மறுமுனையில் ஒருவன் ‘நான் சரிசெய்கிறேன்’ என்று உள்ளே வந்து உட்கார்ந்திருப்பான்.

சரி, இது எப்படி உள்ளே வந்தது? இந்தக் கேள்விக்கு இவரைப் போன்றவர்களிடம் கிடைக்கும் முதல் பதில் ஊரறிந்தது: “நான் ஒண்ணுமே பண்ணல.” இரண்டாம் பதிலுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். துருவியதில் தெரிந்தது, அவர் தேடியது அகவிலைப்படி உயர்வு அரசாணை. செய்தித்தாளில் சதவீதம் வந்துவிட்டது. ஆனால் அரசாணை எண்ணும் தேதியும் இல்லாமல் ஒரு சதவீதத்தை நம்புவது அவர் வளர்ப்பில் இல்லை. தேடினார். ஏதோ ஒரு தளம் திறந்தது. அதில் ‘டவுன்லோட்’ என்று நாலைந்து பொத்தான்கள். அசல் இணைப்பு ஓர் ஓரத்தில் பொடி எழுத்தில், நீலத்தில் இருந்திருக்கும். மற்றதெல்லாம் விளம்பரம். அவர் இருப்பதிலேயே பெரியதை, பச்சையை அழுத்தியிருக்கிறார்.

“ஏன் சார் பச்சை?”

“என்ன தம்பி இப்படிக் கேக்கறீங்க? நீலம் யார் வேணா போடலாம். பச்சை கெஜடட் ஆபீசர் போடறது.”

பச்சை மையில் கையெழுத்து விழுந்தால் அதற்குமேல் கேள்வி கிடையாது. இத்தனை வருஷம் அப்படித்தான் ராஜ்ஜியம் நடந்தது. அந்தப் பொத்தானுக்கு வண்ணம் தீட்டியவனுக்குக் கெஜடட் ஆபீசர் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. ஆனாலும் குறி தப்பவில்லை.

இறங்கிய கோப்பின் பெயர் முடிவில் ‘.பிடிஎஃப்’ என்றுதான் இருந்ததாம். இருக்கும். அதற்குப் பின்னால் ‘.இஎக்ஸ்இ’ என்று ஒரு வாலும் இருந்திருக்கும். தனக்குத் தெரிந்த வகைக் கோப்புகளின் வாலைக் காட்டாமல் மறைத்துவிடுவது விண்டோஸின் பிறவிக் குணம். நாமாகப் போய் அமைப்பை மாற்றினால்தான் காட்டும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் உலகம் முழுக்க ஆபீஸ் ஆபீஸாகப் புகுந்த ‘ஐ லவ் யூ’ புழு வந்ததும் இதே வேஷத்தில்தான். பெயரைப் பார்த்தால் வெறும் எழுத்துக் கோப்பாக ஒரு காதல் கடிதம். கடைசி வாலில் ஒளிந்திருந்தது நிரல். இதைச் சாரிடம் சொன்னேன்.

“காதல் கடிதம்னா நான் திறந்திருக்க மாட்டேன் தம்பி. இது அகவிலைப்படி.”

அத்தோடு முடியவில்லை. வேறொரு தளம், ‘நீங்கள் ரோபோ இல்லை என்பதை உறுதிசெய்ய அலவ் என்பதை அழுத்தவும்’ என்று கேட்டிருக்கிறது. இது ஒரு தந்திரம். நிஜமாகவே ரோபோவா என்று சோதிக்கிற தளங்கள் படத்தைக் காட்டும், கட்டத்தில் டிக் போடச் சொல்லும். பிரௌசரின் ‘அலவ்’ பொத்தானை அழுத்தச் சொல்லாது. அதை அழுத்தினால், நம் திரையில் எப்போது வேண்டுமானாலும் அறிவிப்பு அனுப்பிக்கொள்ள அந்தத் தளத்துக்கு நாமே உரிமை எழுதிக் கொடுக்கிறோம். பிறகு பிரௌசரில் வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாலும் மூலையில் எட்டிப் பார்த்து, வைரஸ் வந்துவிட்டது, சந்தா முடிந்துவிட்டது, பரிசு விழுந்துவிட்டது என்று கூவிக்கொண்டே இருக்கும்.

“அதை எப்படி சார் நம்பினீங்க?”

“நம்பறதுக்கு என்ன இருக்கு? வருஷா வருஷம் உயிரோட இருக்கேன்னு நேர்ல போய் நிரூபிச்சிக்கிட்டு இருக்கேன். ரோபோ இல்லேன்னு நிரூபிக்கறதுல எனக்கென்ன கஷ்டம்?”

யோசித்தேன். ஓய்வூதியருக்கு வாழ்நாள் சான்று என்று ஒன்று உண்டு. 2014-இல் ‘ஜீவன் பிரமாண்’ வந்த பிறகு விரல் ரேகை வைத்துக் கணினி வழியாகவே கொடுக்கலாம். உயிரோடு இருக்கிறாயா என்று ஒரு திரை கேட்பது நியாயமென்றால், ரோபோவா என்று இன்னொரு திரை கேட்பதில் மட்டும் என்ன அநியாயம்?

எனக்கு அப்போதுதான் இந்த மனிதரின் சூட்சுமம் பிடிபட்டது. அவர் சந்தேகிப்பது மனுவை. மனு கீழேயிருந்து வருவது. சுற்றறிக்கை மேலேயிருந்து வருவது. அதைச் சந்தேகிக்கிற வழக்கம் எந்த ஆபீஸிலும் கிடையாது. இந்த வைரஸ்காரன் எந்தத் தேசத்தில் உட்கார்ந்திருக்கிறானோ, நம் சுற்றறிக்கை நடையை அப்படியே பிடித்துவிட்டான். மேலே ஒரு முத்திரை. நடுவில் ஒரு கெடு. தவறும்பட்சத்தில் என்ன நடக்கும் என்று ஒரு மிரட்டல். கீழே ஒரே ஒரு பொத்தான். அதைப் பார்த்ததும், ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) மெமோவை நினைத்துத் தூக்கம் கெட்ட பழைய ஹெட் கிளார்க் விழித்துக்கொண்டு ‘உத்தரவு’ என்கிறார். இதில் முட்டாள்தனம் எங்கே இருக்கிறது? கீழ்ப்படிதல்தான் இருக்கிறது. பதவி உயர்வெல்லாம் அதற்குத்தானே கொடுத்தார்கள்.

வீட்டம்மாவுக்கு அந்தப் பயிற்சி இல்லை. ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது: “அவ்ளோ பெரிய கம்பெனிக்காரன் பேரு தெரியாம ‘டியர் யூசர்’னு ஏன் போடறான்? சீட்டுப் பிடிக்கிற அம்மாகூட பேரு சொல்லித்தானே கூப்பிடும்?” இணையப் பாதுகாப்பு பற்றி நான் கேட்ட சொற்பொழிவுகளில் பாதியை இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம். சார், “நீ சும்மா இரு, தம்பி பாத்துக்கும்” என்றார்.

பெங்களூரிலிருந்து பார்ப்பது எப்படி? முதலில் வாட்ஸ்அப் வீடியோ. திரையைக் காட்டுங்கள் என்றேன். மின்விசிறி வந்தது. அப்புறம் அவர் காது. நான் சொல்வது கேட்கவில்லை என்று போனைக் காதில் வைத்துக்கொண்டார். மறுபடி திரை வந்தபோது வரிவரியாகக் கோடு ஓடியது. நடுவில் முகப்புப் படத்தில் பேரன், திருப்பதி மொட்டையோடு, மூக்கின் மேல் ரீசைக்கிள் பின். சிவப்புத் திரையை அதற்குள் ஆல்ட், எஃப்4 சேர்த்து அழுத்த வைத்து மூடியிருந்தோம். ஒரு வரியில் எழுதிவிட்டேன். நடந்தபோது பாதி சாயங்காலம் போனது.

இனி நானே உள்ளே போனால்தான் ஆகும். விண்டோஸிலேயே ‘குவிக் அசிஸ்ட்’ என்று ஒன்று இருக்கிறது. கன்ட்ரோல், விண்டோஸ், கியூ மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் திறக்கும். நான் ஒரு ஆறெழுத்துக் குறியீடு சொல்வேன், அவர் அதைத் தட்ட வேண்டும், பிறகு அனுமதிக்க வேண்டும். சொன்னேன். மறுமுனையில் அமைதி.

“தம்பி, ஒரு நிமிஷம். போன்ல யாராவது சொன்னா எந்த ஆப்பையும் திறந்து கம்ப்யூட்டரையோ போனையோ அவங்க கையில கொடுக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கியே 2019-ல எச்சரிச்சிருக்கு. பேப்பர் கட்டிங் என்கிட்ட இருக்கு.”

உண்மைதான். அந்த ஆண்டு பிப்ரவரியில், ‘எனிடெஸ்க்’ என்ற செயலியை இறக்க வைத்து யூபிஐ பணத்தைத் திருடுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்தது. அந்தத் துண்டுச் செய்தியைக் கத்தரித்து, தேதி எழுதி, ஃபைலில் கோத்து வைத்திருக்கிற மனிதர்தான் பச்சைப் பொத்தானை அழுத்தியவரும்.

“சார், நான்தான் பேசறேன்.”

“நீங்கதான் பேசறீங்கங்கறதுக்கு என்ன ஆதாரம்?”

“குரல் தெரியலையா?”

“குரலை இப்ப மெஷினே பண்ணுதாமே.”

“வீடியோல முகத்தைப் பாத்தீங்களே!”

“முகத்தையும் பண்ணுதாம்.” கொஞ்சம் யோசித்தார். “சரி, எங்க வீட்டுக் கொல்லையில எத்தனை தென்னை?”

“நாலு சார்.”

“மூணு. ஒண்ணு கஜா புயல்ல போயிடுச்சு.”

2018 நவம்பரில் அடித்த புயல் அது. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. நான் அதற்கு முன்பே பெங்களூர் வந்துவிட்டேன். என் மனு தள்ளுபடி ஆனது என்று நினைத்தேன்.

“பரவால்ல, நீங்கதான். அப்பவே போன்ல சொன்னேன், நீங்க சரியா காதுல வாங்கலேன்னு நினைச்சேன். திருட்டுப் பயலா இருந்தா விசாரிச்சிட்டு வந்து சரியா சொல்லியிருப்பான்.”

மனு ஏற்கப்பட்டது. குறியீட்டைச் சொன்னேன். அது பத்து நிமிஷம்தான் செல்லும். அவர் முதலில் அதை நோட்டில் எழுதினார், தேதி போட்டார், ஒவ்வோர் எழுத்தாக எனக்குத் திருப்பிப் படித்துச் சரிபார்த்தார், கண்ணாடியை மாற்றினார், தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். காலாவதி. புதிய குறியீடு. பழையதை அடித்துவிட்டு ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டார். இந்த முறை வீட்டம்மா தட்டினார். உள்ளே போய்விட்டேன்.

இதற்கப்புறம் வேலை என்னவோ எளிது. பிரௌசரின் அமைப்புகளில் அறிவிப்பு அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைத் திறந்தால், ஒன்றுகூட உச்சரிக்கக்கூடிய பெயர் இல்லை. அத்தனையையும் நீக்கினேன். நிறுவிய நிரல்களைத் தேதிவாரியாக அடுக்கினால் கடந்த வியாழனன்று நாலு பேர் ஒரே நாளில் குடியேறியிருப்பது தெரிந்தது. பிடிஎஃப் மாற்றி ஒன்று, தேடல் உதவி ஒன்று, கணினியை வேகமாக்குவது ஒன்று, என்னவென்றே தெரியாதது ஒன்று. பிரௌசரில் ஒட்டிக்கொண்ட எக்ஸ்டென்ஷன்கள். கம்ப்யூட்டர் கிளம்பும்போதே கிளம்புகிற பட்டியல். கடைசியில் விண்டோஸ் டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனை, அது கணினியை மறுபடி கிளப்பி, மற்ற எதுவும் கண் விழிப்பதற்கு முன் துழாவும். வங்கிக் கடவுச்சொற்களை இந்த மெஷினில் மாற்றாமல் வீட்டம்மாவின் போனில் மாற்றச் சொன்னேன்.

எளிது என்றது மெஷின் மட்டும் இருந்திருந்தால். அவர் பக்கத்தில் இருந்தார். அம்புக்குறி தானாக நகர்வதைப் பார்த்ததும் மவுஸைப் பிடித்து இழுத்தார். நான் இந்தப் பக்கம் இழுக்க, அவர் அந்தப் பக்கம் இழுக்க, அது திரை நடுவில் நடுங்கிக்கொண்டு நின்றது. மவுஸை விட்ட பிறகு, ஒவ்வொரு படிக்கும் ஒரு குரல் வந்தது: “நிறுத்துங்க, எழுதிக்கறேன்.” நான் ஒரு நிரலை நீக்கப் போனால், “எந்த அடிப்படையில அழிக்கறீங்க?”

“வைரஸ் சார்.”

“சரி, எது எத்தனை வருஷம் வச்சிருக்கணும்? ஓ.மு.வா, மூ.மு.வா?”

வெளியாருக்குச் சொல்ல வேண்டும். அரசு அலுவலகத்தில் முடிந்த கோப்பை அப்படியே கிழித்துப் போட்டுவிட முடியாது. ஓராண்டு முடிவு, மூவாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தர முடிவு என்று வகை பிரித்துப் பதிவறையில் வைக்க வேண்டும். ரீசைக்கிள் பின்னை நான் காலி செய்ய அவர் விடாததற்கு இதுதான் காரணம். அகவிலைப்படி வேஷத்தில் வந்த அந்தக் கோப்பை மட்டும் கெஞ்சிக் கூத்தாடி அழித்தேன். அதற்கும் நோட்டில் ஒரு பதிவு விழுந்தது.

சோதனை ஓடிக்கொண்டிருந்தபோது கேட்டார்: “இதையெல்லாம் யார் தம்பி அனுப்பறது? அனுப்புநர் முகவரியே இல்லாம?”

பழைய கதை ஒன்றைச் சொன்னேன். 1986-இல் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் என்ற இரு சகோதரர்கள் ‘பிரெயின்’ என்றொரு வைரஸ் எழுதினார்கள். பிசிகளைத் தாக்கிய முதல் வைரஸ் என்று அதைத்தான் சொல்வார்கள். தாங்கள் எழுதிய மென்பொருளை ஊரார் திருட்டு நகல் எடுக்கிறார்கள் என்ற கோபத்தில் எழுதினோம் என்பது அவர்கள் தரப்பு. ஃபிளாப்பியின் முதல் பகுதியில் குடியேறும். உள்ளே அவர்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண்கள், தடுப்பு மருந்துக்கு எங்களை அணுகவும் என்ற குறிப்பு, எல்லாம் இருந்தன.

“போன் நம்பரோடவா?”

“நம்பரோட.”

“அவங்க முறைப்படி அனுப்பியிருக்காங்க” என்றார், மரியாதையுடன்.

அவர் நோட்டில் எழுதியதெல்லாம் சரிதான், ஆனால் அடுத்த அகவிலைப்படி உயர்வுக்கு இதே கூத்து நடக்கும் என்பது எனக்குத் தெரியும். படிப்படியாகச் செய்முறை சொல்லிக் கொடுப்பதில் பலனில்லை. அடுத்த வைரஸ் வேறு படிக்கட்டில் ஏறி வரும். அதனால் ஒன்றே ஒன்று சொன்னேன்.

“சார், திரையில தானா வந்து எது கேட்டாலும், அது மேலிடத்து சுற்றறிக்கை இல்ல. மனு.”

நீண்ட மௌனம். அவர் குரலே மாறிவிட்டது. “மனுவா?”

“மனுதான். உங்க மேஜைக்கு வந்திருக்கு.”

“அப்படிச் சொல்லுங்க.”

அதற்குப் பிறகு அந்த வீட்டுத் திரையில் எந்த ஜம்பமும் பலிக்கவில்லை. பரிசு விழுந்த செய்திக்கு, லாட்டரிச் சீட்டின் அசல் இணைக்கப்படவில்லை. குக்கீயை ஏற்கச் சொன்ன தளத்துக்கு, நோக்கம் தெளிவாக இல்லை. வாட்ஸ்அப்பில் தூரத்து உறவு ஒருவர் பெயரில் ஏபிகே கோப்பாக வந்த கல்யாணப் பத்திரிகைக்கு, முகூர்த்த நேரம் குறிப்பிடப்படவில்லை. பத்திரிகை வேஷத்தில் வந்து போனைப் பிடித்துக்கொள்ளும் அந்த ரகத்தால் எத்தனையோ பேர் பணம் இழந்திருக்கிறார்கள். சார் தெருவாசிகளின் குழுவில் அதைப் பற்றி ‘பொருள்’, ‘பார்வை’ போட்டு ஓர் அறிவிப்பே வெளியிட்டார். பணம் போய்விட்டால் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ உடனே அழைக்கவும் என்ற வரியும் சேர்த்து, எனக்குத் தகவலுக்காக ஒரு நகல்.

சிக்கல் வந்தது மைக்ரோசாஃப்டுக்குத்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது, புதியதற்கு மாறவும் என்று திரை முழுக்க ஓர் அறிவிப்பு வந்தது. இது அசல். ஆனால் அதிலும் மேலே சின்னம், நடுவில் கெடு, மாறாவிட்டால் ஆபத்து என்ற தொனி, கீழே பொத்தான். சார் திருப்பி அனுப்பிவிட்டு எனக்கு அறிக்கை கொடுத்தார்.

“சார், அது நிஜமான கம்பெனிதான். அதை மட்டும் ஏத்துக்கணும்.”

“நிஜமான ஆபீஸ்னா ஒரு தடவை கேட்டுட்டு விட மாட்டான் தம்பி. நினைவூட்டு போடுவான். போடட்டும், பாப்போம்.”

நினைவூட்டு வந்துகொண்டேதான் இருக்கிறது. விசாரித்தேன். கோப்பு பரிசீலனையில் இருக்கிறதாம்.